கடைசியாகக் குளித்தவர்

அத்தியாயம் பதினொன்று

இசோகோ அம்மாளைப் பிடித்து உள்ளே போட போலீசுக்கு இன்னும் இருபத்து மூன்று மணி நேரம் பாக்கியிருந்தது. அவரோ நிதானமாக உட்கார்ந்து எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.  

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றார். "மாத்துத் துணியும் எடுத்துட்டு வரணுமாம். போன அன்னிக்கே திரும்பிடலாம்னா மாத்துத் துணி எதுக்கு?"

நான் தேநீரை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். 

என் பெயர் யசுகிச்சி. துப்பறியும் உட்சுமி அக்காவிடம் ஆறு வருஷமாகக் கைக்கு உதவியாகவும் வாய்க்கு உபத்திரவமாகவும் இருந்து வருகிறேன். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு வண்டவாளத்தை ரகசியமாக விசாரித்துச் சொல்லும் வேலையில் ஆரம்பித்தவர். இருநூறு கல்யாணங்களையாவது நிறுத்தியிருப்பார். என் கல்யாணத்தின்போது அவரை எனக்குத் தெரியாது. எல்லாம் என் தலையெழுத்து.

சுவரில் இசோகோ அம்மாளின் கணவர் கரிபே ரின்செய் படமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். தடித்த மீசை, வாயில் புகைக்குழாய், உலகத்தையே திருத்தி எழுதப்போகிறவர் மாதிரி ஒரு பார்வை. காமகுராவில் இவர் வீடு எது என்று கேட்டால் மீன்காரன்கூடக் கூட்டிக்கொண்டு வந்து விடுவான். அவ்வளவு பெரிய எழுத்தாளர். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரி மாதம், கடலோரப் பாறைமேல் அவருடைய மரச்செருப்பு மட்டும் ஜோடியாகக் கிடந்தது. உடல் கிடைக்கவில்லை. தற்கொலை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

மூடினது திறந்துகொண்டது ஐந்து வாரத்துக்கு முன்னால். ஒரு வாரப் பத்திரிகையில் 'வடக்கு அறையின் விளக்கு' என்று ஒரு தொடர்கதை ஆரம்பித்தது. எழுதியவர் மத்சுபா. அது புனைபெயர், ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. கதை ஒரு மேதையின் வீட்டு வாழ்க்கை. பெயரை மட்டும் மாற்றியிருந்தார்களே தவிர, மேதை யார், மனைவி யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் அடிப்பிடித்த சோறு கேட்டுச் சாப்பிடுவது, மழை பெய்தால் பேனாவைத் தொடாதது எல்லாம் அப்படி அப்படியே வந்தது. ஊரே படித்துச் சிரித்தது.

ஐந்தாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை. மனைவி மதுவில் தூக்கப்பொடி கலக்கிறாள். மேதை சாய்கிறார். அவள் அவருடைய மரச்செருப்பைத் துணியில் சுற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய், ஜோடி சேர்த்துப் பாறையில் வைக்கிறாள். வலது செருப்பின் வாரில் நீலத்துணி முடிச்சு ஒன்று.

"அந்த நீலத்துணி நிஜம்" என்றார் இசோகோ அம்மாள். "அன்னிக்குக் காலையில அவர் வெளிய கிளம்பும்போது வார் அறுந்துபோச்சு. நான் போட்டிருந்த யுகாத்தா, அந்தப் பருத்தி அங்கியோட ஓரத்தைக் கிழிச்சு நான்தான் கட்டிக் கொடுத்தேன். போலீஸ் அதை வெளிய சொல்லவே இல்ல. அதனால இதை எழுதினவங்களுக்கு நடந்ததெல்லாம் தெரியும்னு நினைக்கிறாங்க."

"எழுதினவரைப் பிடிச்சு உலுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"யாருன்னு தெரிஞ்சாத்தானே தம்பி? அது தெரியுற வரைக்கும் உலுக்குறதுக்கு நான் இருக்கேன்."

உட்சுமி அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "கதையில வந்ததுல உங்களுக்கே தெரியாத விஷயம் ஏதாவது இருந்துச்சாம்மா?"

இசோகோ அம்மாள் எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். நாலாவது வாரக் கதையில் அந்த டப்பா வருகிறது. மேதை தன் படிப்பறையில், படுக்கைகளை மடித்து வைக்கும் அலமாரிக்கு மேலே கூரைப் பலகையை நகர்த்தி அதை ஒளித்து வைத்திருப்பார். உள்ளே அவருடைய முதல் நாவலின் கையெழுத்துப் பிரதி. எட்டுப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியது.

"இருபத்தெட்டு வருஷம் அந்த அறையைக் கூட்டினேன். எனக்குத் தெரியாது. கதையைப் படிச்சிட்டு ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். இருந்துச்சு."

டப்பா மூடியில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதன் நடுவே ஒரே ஒரு கையின் தடம்தான். இசோகோ அம்மாளின் சின்னக் கை. அக்கா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாளைக்கு வரச் சொல்லிப் போலீஸ் அனுப்பியிருந்த கடிதத்தைக் கேட்டு வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ரயிலில் ஐந்து வாரக் கதையையும் என் மடியில் போட்டார் அக்கா. "படி. எங்கயாவது இடிச்சா சொல்லு."

இரண்டாவது வாரத்தில் இடித்தது. சத்தமாகவே படித்தேன்.

'மேதை குளியலறைக்குள் வந்தார். வழக்கம்போல், தொட்டியில் மிதந்த முடியைக் கிண்ணத்தால் ஒதுக்கிவிட்டு இறங்கினார். தண்ணீர் இளஞ்சூடாய் இருந்தது. அன்றைய பகலின் களைப்பெல்லாம் அதன்மேல் மெல்லிய ஏடாய்ப் படிந்திருந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.'

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் அக்கா.

"நல்லா இருக்கு. ஆனா பொய். நான் யாரு? வீட்டோட மாப்பிள்ளை. எங்க வீட்டுல ஒரு தொட்டி வெந்நீர் போட்டா அதே தண்ணியிலதான் எல்லாரும் வரிசையா இறங்கணும், முதல்ல மாமனார். அப்புறம் மாமனாரோட அண்ணன். அப்புறம் மச்சான், மச்சானோட பையன், மாமியார், என் பொண்டாட்டி. ஏழாவதா நான். பூனைக்குக் குளிக்கிற பழக்கம் இல்லாததால தப்பிச்சேன். இந்த ஏடு, இந்த முடி, இந்தச் சூடு, எல்லாம் எனக்கு மனப்பாடம். இது கடைசித் தண்ணி, அக்கா. கரிபே ரின்செய் மாதிரி ஒரு எஜமான் ஜென்மத்துக்கும் இதைப் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு முதல் தண்ணி. கொதிக்கக் கொதிக்க, அடியில கிடக்கிற பலகையை எண்ணலாம்."

"எழுதினவன் கற்பனையா எழுதியிருக்கலாம்."

"முடியை வேணா கற்பனை பண்ணலாம். 'வழக்கம்போல்'னு போட்டிருக்கானே, அது எப்படி வரும்? தினம் ஒதுக்குற கைக்குத்தான் அந்த வார்த்தை வரும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அப்படிப் பார்த்தது இரண்டாவது தடவை. முதல் தடவை நான் அவர் குடையைத் தொலைத்தபோது.

"அப்போ அந்த வீட்டுல கடைசியாக் குளிச்சது யாரு?" என்றார்.

வீட்டில் கடைசியாகக் குளிப்பது வேலைக்காரிதான். கரிபே வீட்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்த தொமே, இப்போது யோகோஹாமாவில் ஊறுகாய்க் கடை வைத்திருந்தாள். முள்ளங்கியை உப்பில் அமுக்கிக்கொண்டே எங்களைப் பார்த்தாள். நான் கேட்டதும் அமுக்குவதை நிறுத்தினாள்.

"நானா? அந்தத் தொட்டியிலயா? ஒரு நாளும் இறங்கினதில்ல. வேலைக்காரங்க மேல் பட்ட தண்ணி வீட்டுல தங்கக் கூடாதுன்னு ஐயா உத்தரவு. என்னைத் தெருமுனையில இருக்கிற பொது வெந்நீர்க் கூடத்துக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு அதுவே நிம்மதி."

"அப்போ வீட்டுல வரிசை என்ன?"

"முதல்ல ஐயா. அப்புறம் வந்திருக்கிற பத்திரிகைக்காரங்க. அப்புறம் சீடப் பசங்க, எப்பவும் மூணு நாலு பேரு சாப்பிட்டுட்டுக் கிடப்பாங்க. எல்லாரும் ஆனப்புறம் அம்மா."

"கடைசியா அம்மாவா?"

"வேற யாரு? தண்ணி ஆறிப்போயிருக்கும். இன்னொரு விறகு வைக்கட்டுமாம்மான்னு கேப்பேன். வேண்டாம் தொமே, இதுவே போதும்பாங்க."

கடையை விட்டு வெளியே வந்ததும் அக்காவை நிறுத்தினேன். "அக்கா, நம்ம கட்சிக்காரியேதான் எழுதியிருக்காங்களா?"

"தன் கழுத்துக்கு யாராவது தானே கயிறு திரிப்பாங்களா?"

"இருபத்தெட்டு வருஷம் ஆறின தண்ணியில குளிச்சவங்க. ஒரு நாளைக்கு எல்லாத்தையும் கொட்டித் தீர்க்கணும்னு தோணாதா? அப்படிக் கொட்டுறப்ப அந்தச் செருப்பு விஷயமும் நிஜமா வெளிய வந்திருந்தா?"

அக்கா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாவிட்டால் நான் பாதி சரி என்று அர்த்தம். பாதி சரி என்றால் நாளைக் காலை அந்த அம்மாளைப் போலீசில் ஒப்படைக்கப் போவதே நாங்கள்தான். 

"அந்த டப்பாவோட தூசியை மறந்துட்டே" என்றார் அக்கா ஏறும்போது. "மூணு வருஷமா அதை யாரும் தொடல. எழுதினவங்க பார்த்து எழுதல. தெரிஞ்சு எழுதியிருக்காங்க."

கண்டாவில் இருந்த பத்திரிகை அலுவலகம் புகையிலைப் புகையில் மிதந்தது. ஆசிரியர் ஹிபினோ எங்களை உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"போலீசுக்குச் சொன்னதேதான் உங்களுக்கும். ஆள் யாருன்னு தெரியாது. தபால்ல வருது, போடுறேன். பத்திரிகை ரெண்டு மடங்கு விக்குது. கடைசி அத்தியாயம் சனிக்கிழமை வரணும்."

"அந்த உறைகளைப் பார்க்கலாமா?"

"தாராளமா. செஞ்ஜு தபால் முத்திரை. போலீசும் பார்த்தாங்க. செஞ்ஜுவுல ஒரு லட்சம் பேரு இருக்காங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

ஐந்து உறைகள். அக்கா அவற்றை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு என் மூக்கிலும் ஒன்றைத் தேய்த்தார். விறகுப் புகை. ஓரத்தில் கரிக் கட்டைவிரல் தடம், ஐந்திலும்.

"முத்திரையில தேதியைப் பாரு."

பார்த்தேன். "ஐந்தும் வெள்ளிக்கிழமை."

"எழுத்து எப்படி?" என்று ஹிபினோவிடம் கேட்டார் அக்கா.

"அச்சு மாதிரி கட்டம் கட்டமா. கையெழுத்தை மறைக்கிறார். ஆனா கத்துக்குட்டி இல்ல. மூணாவது வாரம் நான் ஒரே ஒரு வார்த்தையை மாத்தினேன். அடுத்த உறையில ஒரு சீட்டு இருந்துச்சு. 'உங்கள் கத்தரிக்கோலைக் காய்கறிக்குப் பயன்படுத்தவும்'." ஹிபினோ ஏனோ பெருமையோடு சொன்னார்.

அக்கா சிரிக்கவில்லை.  படியிறங்கும்போது என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"யசு, தினமும் கரியில கை வைக்கிறவன். தினமும் கடைசியா, ஊர் முழுக்கக் குளிச்ச தண்ணியில குளிக்கிறவன். வெள்ளிக்கிழமை மட்டும் ஓய்வு. அவன் எங்க வேலை பார்ப்பான்?"

எனக்கு ஒரு வினாடி பிடித்தது. "பொது வெந்நீர்க் கூடம். உலைக்கு விறகு போடுறவன்."

"செஞ்ஜுவுல வெள்ளிக்கிழமை லீவு விடுற கூடம் ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும். ஓடு."

ஒன்றுதான் இருந்தது. ஸ்டேஷன் வாசலில் சிகரெட் விற்ற பெண்மணி மோவாயால் வழி காட்டினாள். நாங்கள் போய்ச் சேரும்போது மணி இரண்டேகால். மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். முதலாளியம்மா வாசலில் திரைத்துணி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உலைக்காரரா? எங்க காமே அண்ணனைக் கேக்குறீங்களா? தங்கமான மனுஷன். வந்து மூணு வருஷம் ஆகப்போகுது. பாவம், எழுதப் படிக்கத் தெரியாது. வாராவாரம் அந்த வடக்கு அறைத் தொடர்கதை வருதுல்ல, அதை நான்தான் படிச்சுக் காட்டுறேன். கண்ணை மூடிக் கேப்பார். போன வாரம் அழுதுட்டார்."

"எழுதப் படிக்கத் தெரியாதாம்" என்றேன் அக்காவின் காதில். "தீர்ந்தது. வந்த வழியே போகலாம்."

"காது நல்லாக் கேக்குதாமே. வா."

பின்கட்டில் உடைந்த மரப்பெட்டிகளும் பழைய உத்திரங்களும் மலையாகக் கிடந்தன. நடுவில் உலை. அதன் முன்னால் ஒல்லியாக ஒரு கிழவர், ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, மழித்த முகமெல்லாம் கரி. எங்களைப் பார்த்ததும் குனிந்து கும்பிட்டார். விறகு விற்க வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்.

அக்கா அவருக்கு நேர் எதிரே போய் நின்று, உடல் மடங்கக் குனிந்து வணங்கினார். பிறகு நிமிர்ந்து மெதுவாகச் சொன்னார்:

"பலகைக்கு மேல நீங்க வச்ச பிஸ்கட் டப்பா பத்திரமா இருக்கு, கரிபே ஐயா."

அவர் கையிலிருந்த இரும்புக் கோல் கீழே விழுந்தது. எனக்கு மண்டையில் ஏறுவதற்குள் அவர் ஓட ஆரம்பித்துவிட்டார்.

அறுபது வயதுக் கிழவருக்கு அப்படி ஒரு ஓட்டம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விறகுக் குவியலைச் சுற்றி, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, ஆண்கள் குளிக்கும் பக்கம் போகிற குட்டிக் கதவை நோக்கிப் பாய்ந்தார். அதைத் தாண்டினால் உடை மாற்றும் கூடம், அப்புறம் தெரு. தெருவில் கலந்துவிட்டால் நாளைக் காலை ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்தது. நான் ஒரு உத்திரத்தில் தடுக்கி விழுந்து முழங்காலைப் பேர்த்துக்கொண்டு எழுந்தேன். அவர் கதவைத் திறந்துவிட்டார். போச்சு என்று நினைத்தேன்.

அந்த மனுஷன் வாசற்படியில் நின்று பூட்ஸைக் கழற்றினார்.

சத்தியமாகச் சொல்கிறேன். உயிர் போகிற அவசரத்திலும் நம் ஆட்களுக்குச் செருப்போடு உள்ளே கால் வைக்க வராது. ஒன்றைக் கழற்றி, இன்னொன்றைக் கழற்றி, இரண்டையும் ஜோடி சேர்த்து, நுனி வெளியே பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தார். பாறைமேல் இருந்த ஜோடியும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நான் போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். எலும்புதான் இருந்தது.

"விடு தம்பி" என்றார். குரல் எஜமானின் குரல். "கரிபே செத்துட்டான். மூணு வருஷமாச்சு. யாரும் என்கிட்ட கதை கேக்காத இடமாப் பார்த்து வந்து உட்கார்ந்தேன். அதைக் கெடுக்காதீங்க."

"அப்போ மத்சுபா யாரு?" என்றார் அக்கா.

"கை சும்மா இருக்கல." அவர் தன் கரிக்கைகளைப் பார்த்தார். "உலை முன்னால உட்கார்ந்தா வாக்கியம் வாக்கியமா வருது. என்ன பண்ணச் சொல்றீங்க? என் வாழ்க்கை, நான் எழுதினேன். கடைசி அத்தியாயமும் முடிஞ்சாச்சு. நாளைக்குத் தபால்ல போடுவேன். அவ குத்தத்தை ஒத்துக்கிட்டு கடல்ல இறங்குறா. நான் எழுதினதிலேயே இதுதான் நல்ல முடிவு."

அக்கா பையிலிருந்து போலீஸ் கடிதத்தை எடுத்து நீட்டினார். அவர் படித்தார். உலை வெளிச்சத்தில் அவர் தாடை மட்டும் அசைந்தது.

"கதைதானே இது" என்றார் கடைசியில். "நாவல்ல ஒருத்தன் செத்தா, ஒருத்தர் கொன்னிருக்கணும். இல்லேன்னா எவன் படிப்பான்? இதுக்குப் போலீஸ் எதுக்கு வருது?"

"நீங்க அந்த நீல முடிச்சை எழுதினதால வருது."

"அது அழகான விவரம்."

"அது அவங்க கிழிச்சுக் கட்டினது."

 வெளியே முதலாளியம்மா, "காமே அண்ணே, சூடு இறங்குது" என்று குரல் கொடுத்தாள். அவர் பழக்கத்தில் ஒரு பலகையை எடுத்து உலைக்குள் தள்ளினார். தள்ளிவிட்டு, "சரி, முடிவை மாத்திடறேன்" என்றார். "அவ நிரபராதின்னு வர மாதிரி. சனிக்கிழமை வந்துடும். போதாதா?"

"அவங்க வெள்ளிக்கிழமை காலையிலயே உள்ள போயிடுவாங்க."

"நான் வர முடியாது, அம்மா. திரும்பி அந்த எழுத்தாளர் நாற்காலியில உட்கார முடியாது. என்னால ஆகாது."

எனக்கு அப்போது வந்த கோபம் மாமனார் வீட்டில் ஏழு வருஷமாகச் சேர்ந்த கோபம். பையிலிருந்த இரண்டாவது வாரப் பத்திரிகையை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"உங்களை எப்படிக் கண்டுபிடிச்சோம்னு கேக்கவே இல்லையே? நீங்க இதுல ஒரு தப்பு பண்ணியிருக்கீங்க."

"தப்பா?" அவர் முகம் மாறியது. போலீஸ் கடிதத்துக்கு மாறாத முகம். "எங்க? எந்த வரியில? பென்சில் இருக்கா?"

"குளிக்கிற இடம். முடி, ஏடு, இளஞ்சூடு. வழக்கம்போல்னு வேற. உங்க வீட்டுல நீங்க என்னிக்காவது அந்தத் தண்ணியில குளிச்சிருக்கீங்களா?"

அவர் பத்திரிகையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். உதடு அசைய, ஒரு தடவை. பிறகு மறுபடியும்.

"இல்ல" என்றார். "இது இங்க உள்ள தண்ணி. இங்கதான் நான் கடைசி. எழுதும்போது கலந்துபோச்சு. வீட்டுல நான்தான் முதல்ல. அடியில பலகை தெரியும்."

"அப்போ இந்தத் தண்ணி உங்க வீட்டுல யாருக்கு?"

 பென்சிலுக்கு நீட்டிய கை அப்படியே நின்றது. நான் அவருக்கு உதவி செய்யவில்லை. அக்காவும் செய்யவில்லை. உலையில் பலகை வெடித்தது.

"இருபத்தெட்டு வருஷம்" என்றார் கரிபே ரின்செய். "ஒரு தடவைகூட அவ சொன்னதில்ல."

"நீங்க கேட்டதில்ல" என்றார் அக்கா.

கிழவர் அங்கேயே விறகின்மேல் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சுவரிடுக்கிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். கடைசி அத்தியாயம். நான் படிக்க ஆசைப்பட்டேன், ஒத்துக்கொள்கிறேன். அவர் உலைக் கதவைத் திறந்து உள்ளே போட்டுவிட்டு, எரிந்து முடியும்வரை நின்று பார்த்தார். பிறகு போய் பூட்ஸை மாட்டிக்கொண்டார்.

செஞ்ஜு ஸ்டேஷனிலிருந்து அக்கா காமகுராவுக்குப் போன் போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "அம்மா, எழுதினவர் கிடைச்சாச்சு. உங்க வீட்டுக்காரர்தான். உயிரோட இருக்கார். கூட்டிட்டு வரோம். காலையில ரெண்டு பேரும் சேர்ந்து போலீசுக்குப் போனாப் போதும்."

 லைன் அறுந்துவிட்டதோ என்று அக்கா கருவியைத் தட்டிப் பார்த்தார். பிறகு இசோகோ அம்மாளின் குரல் வந்தது: "எத்தனை மணிக்கு வந்து சேருவீங்க?"

"அஞ்சரை ஆகும்."

"சரி" என்று வைத்துவிட்டார்.

ரயிலில் வழி முழுக்கக் கரிபே ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். யாரும் அவரை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. எதிர் சீட்டில் ஒரு பெண் 'வடக்கு அறையின் விளக்கு' படித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு தடவை அதைப் பார்த்தார், அப்புறம் பார்க்கவில்லை.

வீட்டு வாசல் விளக்கு எரிந்தது. கதவைத் தள்ளினேன். இசோகோ அம்மாள் உள்படியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். சுத்தமான உடை. முகம் சிவந்திருந்தது, கழுத்தோரம் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. அழுதிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கரிபே பூட்ஸைக் கழற்றி, ஜோடி சேர்த்து, திருப்பி வைத்தார். நிமிர்ந்தார். என்ன சொல்வது என்று ரயிலில் இரண்டு மணி நேரமாக யோசித்திருப்பார், எழுத்தாளர் அல்லவா? ஆனால் வாயில் வந்தது தினம் தினம் சொன்ன அதே வார்த்தைதான்.

"வந்துட்டேன்."

அதற்கு 'வாங்க' என்று ஒரு பதில் உண்டு. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும், எப்படிப்பட்ட சண்டையிலும் அந்தப் பதிலைச் சொல்லிவிடுவார்கள். இசோகோ அம்மாள் சொல்லவில்லை. தன் கணவரைத் தலையிலிருந்து கால்வரை, அந்தக் கரியை, அந்த எலும்பை, நிதானமாகப் பார்த்தார். 

கிழவருக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. "வெந்நீர் போட்டிருக்கியா?" என்றார், மெதுவாக.

"போட்டாச்சு" என்றார் இசோகோ அம்மாள். "நான் குளிச்சிட்டேன். இனிமே இவங்க குளிப்பாங்க, எனக்காக அலைஞ்சிருக்காங்க. அந்த அம்மா, அப்புறம் இந்தத் தம்பி. எல்லாரும் ஆனப்புறம் நீங்க."

கரிபே ரின்செய் தலையை ஆட்டினார். பிறகு அந்த இடத்திலேயே, நடையில், சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்.

அக்கா குளித்துவிட்டு வந்து, துண்டை என் தோளில் போட்டார். நான் உள்ளே போய், உடம்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, தொட்டியில் இறங்கினேன். ஏழு வருஷத்தில் இப்படி ஒரு தண்ணீரை நான் பார்த்ததில்லை. பொறுக்கிற சூடு, அடியில் பலகையின் கோடுகூடத் தெரிந்தது. கதவுக்கு வெளியே கிழவர் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது.

நான் அவசரப்படவில்லை.